மூன்று மாதத்துக்கு மட்டும் ஒரு வீடு

கேள்வி: அலுவலகப் பணியாகப் பதின்மூன்று வாரம் வேறொரு நகரத்தின் புறநகரில் தங்க வேண்டியிருக்கிறது. கிளம்ப இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருக்கும் அம்மாவும் என்னுடன் வருகிறார். ஆண்டு ஒப்பந்தம் போடாமல் யாரும் வீடு தர மாட்டேன் என்கிறார்கள். சர்வீஸ் அபார்ட்மென்டில் விசாரித்தால், அதே பகுதியில் சாதாரண வீட்டுக்கு உள்ள வாடகையைப்போல் இரண்டரை மடங்கு சொல்கிறார்கள். இணையத்தில் ஒரே ஒரு வீடு அமைந்தது. படத்தில் அவ்வளவு அழகு, வாடகையும் மிகக் குறைவு. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம். ஒரு மாத வாடகையும் முன்பணமும் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார். அனுப்பலாமா? அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே, கட்டுப்படியாகும் வாடகையில் வீடு பிடிக்க வேறு வழி உண்டா? மூன்று மாத வாடகையையும் மொத்தமாகத் தந்துவிடுகிறேன் என்றால் குறைப்பார்களா?

— ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

கூரியரில் வரப்போகும் சாவியிலிருந்து தொடங்குகிறேன். ஒரு காசுகூட அனுப்பாதீர்கள். அந்த மனிதருக்குப் பதில் எழுதுவதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக வீடு பிடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். இந்தக் கதையைப் பல வேடங்களில் பார்த்துவிட்டேன். ஒருமுறை அவர் கப்பலில் வேலை செய்பவர். ஒருமுறை மகளின் படிப்புக்காகக் குடும்பத்தோடு வெளிநாடு போன டாக்டர். வேடம் மாறுமே தவிர வித்தை மாறாது. விற்பனைக்கு வந்த ஏதோ ஒரு வீட்டின் விளம்பரத்திலிருந்து படங்களை எடுப்பார்கள். ஓரத்தில் இருக்கும் நிறுவனத்தின் பெயரை வெட்டிவிட்டு, பாதி வாடகை போட்டு, வாடகை விளம்பரமாக வெளியிடுவார்கள். விற்பதற்காக எடுத்த படங்கள் என்பதால்தான் அவ்வளவு அழகு. கூர்ந்து பாருங்கள்: அடுப்பின் மேல் ஒரு பாத்திரம் இருக்காது, கதவுக்குப் பின்னால் ஒரு துணி தொங்காது, செருப்பு ஒரு ஜோடி கிடக்காது. ஆள் வாழ்கிற வீடு அப்படி இருப்பதில்லை.

இனி வரும் விளம்பரங்களுக்கு இரண்டு சோதனைகள் போதும். படத்தைத் தேடுபொறியில் போட்டு வேறெங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். அதில் ஒன்றும் அகப்படாவிட்டால், உரிமையாளரை வீடியோ அழைப்பில் வரச் சொல்லுங்கள். சமையலறைக் குழாயைத் திறந்து காட்டட்டும். அப்படியே தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு இறங்கிவந்து கதவு எண்ணைக் காட்டட்டும். நேர்மையானவர் சிரித்துக்கொண்டே செய்வார். மற்றவருக்கு அந்த நேரத்தில்தான் சிக்னல் கிடைக்காது.

சரி, உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்.

ஆண்டு வாடகை வீடுகளின் வாசலில் நின்று 'மூன்று மாதத்துக்குத் தருவீர்களா' என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மூடிய கதவைத் தட்டுவதுபோல்தான் அது. ஓட்டலுக்கு உங்கள் பதின்மூன்று வாரம் அதிகம், ஆண்டு ஒப்பந்தத்துக்குக் குறைவு. இந்த நடுவாந்தரக் காலத்துக்கென்று புறநகரில் கடை விரித்து யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. ஆனால் அதே புறநகரில், நீங்கள் போகிற அதே மூன்று மாதம் பூட்டிக் கிடக்கப்போகும் வீடு ஒன்று கட்டாயம் இருக்கும். நீங்கள் தேட வேண்டியது அதை. வீட்டைத் தேடுவதைவிட, வீட்டை விட்டுப் போகிறவரைத் தேடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. மற்றதெல்லாம் அதற்கான வழிமுறைகள்.

இது ஏன் மலிவாக முடியும் என்பதற்கு உரிமையாளர் பக்கமிருந்து ஒரு கணக்கு. எந்த ஊர்ப் பணமாகவும் இருக்கட்டும், ஆண்டு ஒப்பந்தத்தில் மாத வாடகை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 1,200. அதே வீட்டை மூன்று மூன்று மாதமாக விட்டால், ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் எப்படியும் ஒரு மாதம் போய்விடும். ஆக, ஆண்டில் ஒன்பது மாதம்தான் வாடகை வரும். அதே 1,200 கைக்கு வர வேண்டுமானால் மாதம் 133 வாங்க வேண்டும். கட்டில், மெத்தை, பாத்திரங்களின் தேய்மானத்தையும் ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்யும் கூலியையும் சேர்த்தால் 140, 150 வரை கேட்பதில் நியாயம் இருக்கிறது. யாராவது 140 கேட்டால் 'கொள்ளை' என்று கோபப்படாதீர்கள். 250 கேட்கும் சர்வீஸ் அபார்ட்மென்ட் வரவேற்பறையில் ஆள் வைத்திருக்கிறது, விரிப்பை மாற்றுகிறது, அறையைப் பெருக்குகிறது. அந்தச் சேவைகளுக்கான விலை அது. உங்களுக்கு அவை தேவையா என்பது வேறு விஷயம்.

இப்போது இன்னொரு உரிமையாளர். பேரக் குழந்தை பிறந்திருக்கிறது. மூன்று மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டு வரப்போகிறார். எப்படியும் பூட்டப்போகிற வீடு. அவருக்கு 133 கணக்கு கிடையாது. நீங்கள் தராவிட்டால் அவருக்கு வரப்போவது பூஜ்யம். 90 கொடுத்தாலும் அவருக்கு லாபம்தான். கூடவே, வீட்டில் ஆள் இருக்கிறது என்ற நிம்மதி வேறு.

இப்படிப்பட்டவர்கள் யார் யார்? நீண்ட விடுப்பில் வெளியூர் போகும் கல்லூரி ஆசிரியர்கள். உங்களைப்போலவே அலுவலகம் வேறு ஊருக்கு அனுப்பிவைத்தவர்கள். பெற்றோர் காலமான பிறகு வீட்டை என்ன செய்வது என்று உடன்பிறந்தவர்கள் முடிவெடுக்காமல் வைத்திருக்கும் வீடுகள். புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளில் முதலீட்டுக்காக வாங்கிப்போட்டுக் குடிவைக்காத வீடுகள்; இதில் கட்டில், அடுப்புகூட இருக்காது, அதனால் உங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பெரிய மருத்துவமனைகளைச் சுற்றி, நோயாளியோடு வருகிறவர்களுக்கென்றே வாரக் கணக்கில், மாதக் கணக்கில் விடும் வீடுகள் இருக்கும். அவை விளம்பரத்தில் வருவது அரிது. மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு வகையினரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஒருவர், ஆண்டு ஒப்பந்தத்தில் குடியிருந்து பாதியில் வேலை மாறிப் போகிறவர். ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கும். இப்போதே காலி செய்தால் முன்பணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். உரிமையாளர் சம்மதித்து, மிச்சமுள்ள மாதங்களுக்கு நீங்கள் அந்த இடத்துக்கு வந்தால் மூவருக்கும் நல்லது. வாடகையும் பழைய ஆண்டு வாடகைதான், சில சமயம் அவரே கொஞ்சம் ஏற்றுக்கொள்வார். இன்னொருவர், வீட்டை விற்பனைக்குப் போட்டு மாதக் கணக்கில் வாங்க ஆள் வராமல் காத்திருப்பவர். சனிக்கிழமை தோறும் வீடு பார்க்க வருகிறவர்களுக்குக் கதவு திறக்கிறேன், வீட்டை எப்போதும் பார்க்கும்படி வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். வாடகை கணிசமாக இறங்கும். ஆனால் ஆள் கிடைத்தவுடன் 'அடுத்த வாரம் காலி செய்யுங்கள்' என்று சொல்லிவிடக் கூடாது. விற்றாலும் உங்கள் தேதிவரை நீங்கள் இருப்பீர்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது முடியாது என்றால் அந்த வீடு வேண்டாம். அம்மாவை வைத்துக்கொண்டு நடுவில் வீடு மாறுவது நடக்கிற காரியம் இல்லை.

இவர்களை எட்டுவதற்கு முதல் வழி உங்கள் அலுவலகமே. அந்தக் கிளையில் வேலை செய்கிறவர்களின் குழுவில் உங்கள் தேதிகளோடு ஒரு செய்தி போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே ஒரு நூல் கிடைக்கும். அடுத்து, அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்கள். ஒருவரைப் பிடித்தால் குழுவே கைக்கு வந்துவிடும்.

தரகர்களைப் பற்றி ஒரு தரகராகவே சொல்கிறேன். மூன்று மாத வீடு என்றால் நாங்கள் தொலைபேசியை எடுக்கத் தயங்குவோம். ஆண்டு ஒப்பந்தத்துக்கு எவ்வளவு அலைச்சலோ அதே அலைச்சல் இதற்கும். வரும் தரகோ கொஞ்சம். அதனால் பேச்சின் தொடக்கத்திலேயே 'மூன்று மாதம்தான், உங்கள் கூலி இவ்வளவு தருகிறேன்' என்று தொகையைச் சொல்லிவிடுங்கள். 'விற்பனைக்கு வந்து தூங்குகிற வீடு ஏதாவது கையில் இருக்கிறதா' என்றும் கேளுங்கள். அப்படி ஒன்று இல்லாத தரகரை நான் பார்த்ததில்லை.

நேரடியாக உரிமையாளருக்கு எழுதும்போது, 'வீடு இருக்கிறதா, வாடகை எவ்வளவு' என்று ஒற்றை வரியில் கேட்டால் பதில் வராது. குறுகிய காலக் குடித்தனக்காரர் என்றாலே அவருக்கு உள்ளுக்குள் மூன்று பயங்கள்: சொன்ன தேதியில் கிளம்புவாரா, வீட்டைப் பாழாக்குவாரா, எத்தனை பேர் வந்து தங்குவார்கள். வாடகை அதற்கு அப்புறம். அந்த மூன்றுக்கும் அவர் கேட்பதற்கு முன்னே பதில் சொல்லிவிடுங்கள். இப்படி எழுதலாம்:

'வணக்கம். அலுவலகப் பணிக்காக இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை உங்கள் பகுதியில் தங்க வேண்டியிருக்கிறது. நானும் என் தாயாரும் இரண்டு பேர் மட்டுமே. திரும்பிப் போகும் தேதி உறுதியானது. அலுவலகக் கடிதத்தைக் காட்ட முடியும். தாயாருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருப்பதால் தரைத்தளமோ லிப்ட் உள்ள வீடோ தேவை. இதற்கு முன் குடியிருந்த வீட்டு உரிமையாளரின் எண்ணைத் தருகிறேன், என்னைப் பற்றி அவரிடம் விசாரிக்கலாம். உங்கள் வீடு அந்த மாதங்களில் காலியாக இருக்குமானால் பேசலாமா?'

இதில் வாடகை என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? தொகையை முதலில் யார் சொல்கிறாரோ அவர் கை தாழ்ந்துவிடுகிறது. அவர் சொல்லட்டும்.

இணையத்தளங்களையும் ஒதுக்கிவிட வேண்டாம். வீடுகளை நாள் கணக்கில் வாடகைக்கு எடுக்க உதவும் ஏர்பிஎன்பி தளத்தில் 28 இரவும் அதற்கு மேலும் தங்கினால் அது மாதத் தங்கலாகக் கணக்காகும். பல உரிமையாளர்கள் அதற்கென்று தனித் தள்ளுபடி வைத்திருப்பார்கள். சில வீடுகளில் 27 இரவுக்குப் போட்ட தொகையைவிட 28 இரவுக்கு மொத்தத் தொகை குறைவாக வரும் வேடிக்கையும் நடக்கும். தேதிகளை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். ஆனால் அந்த நீண்ட தங்கல்களுக்கு ரத்து விதியும் தனி, சற்றுக் கடுமையானது. பதிவு செய்யும் முன் அதை முழுவதும் படித்துவிடுங்கள். 'தளத்துக்கு வெளியே பணம் கொடுத்தால் குறைத்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால், ஏதாவது தகராறு வந்தால் தளம் உங்களுக்காகப் பேசாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'குறைந்தது 30 நாள்' என்ற வரியையும் பல விளம்பரங்களில் பார்ப்பீர்கள். அது உங்களுக்குச் சாதகமான வரி. சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் வீடுகளால் குடியிருக்க வீடு கிடைப்பதில்லை என்று உலகெங்கும் நகராட்சிகள் கடிவாளம் போட்டுவருகின்றன. நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவாக விடுகிறவர் நகரத்திடம் பதிவு செய்தாக வேண்டும், விருந்தினர் தங்கும்போது தானும் அதே வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற விதி கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. பார்சிலோனா 2028க்குள் சுற்றுலா வீட்டு உரிமங்களையே முடித்துக்கொள்ளப்போவதாக 2024இல் அறிவித்தது. இப்படி விதி வருகிற இடங்களில், நாள் கணக்கில் விட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் மாதக் கணக்குக்கு மாறுகிறார்கள். அவர்களுக்கு உங்களைப் போன்றவர் வேண்டும். நீங்கள் போகும் ஊரில் இந்த எல்லை எத்தனை நாள் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். தங்கும் வரி உண்டா இல்லையா என்பதும் பல இடங்களில் அந்த எல்லையைப் பொறுத்ததுதான்.

இனி, எந்த வீடு மலிவு என்பது. இதில் ஏமாறாதவர்கள் குறைவு. ஆண்டுக் குடித்தனத்தில் ஒருமுறைச் செலவுகள் பன்னிரண்டு மாதத்தில் கரைந்துவிடும். மூன்று மாதத்தில் அதே செலவு நான்கு மடங்கு கனக்கும். பழைய கணக்கிலேயே பார்ப்போம். முதல் வீடு, மாதம் 100. தரகு 50, இணைய இணைப்பு வைக்க 15, கிளம்பும்போது சுத்தம் செய்ய 14. மின்சாரமும் தண்ணீரும் தனி, மாதம் 12. அலுவலகம் தூரம், போக்குவரத்துக்கு மாதம் 20. மூன்று மாதத்துக்கு மொத்தம் 475, அதாவது மாதம் 158. இரண்டாவது வீடு, மாதம் 135. எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம், தரகு இல்லை, நடந்து போகிற தூரம், கடைசியில் சுத்தம் செய்ய 15 மட்டும். மொத்தம் 420, மாதம் 140. விளம்பரத்தில் 100 என்று பார்த்தவர் முதல் வீட்டுக்குத்தான் ஓடுவார். நீங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாளில் இந்தக் கூட்டலைப் போட்டுவிட்டுப் பிறகு பேரம் பேசுங்கள். திரும்ப வரும் முன்பணத்தை இதில் சேர்க்க வேண்டாம். ஆனால் அந்தத் தொகை மூன்று மாதம் கையில் இருக்காது என்பதை மறக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. பதின்மூன்று வாரம் என்பது 91 நாள். நான்கு வாரத்துக்கு ஒரு வாடகை என்று பேசினால் மூன்று வாடகையும் ஒரு வாரமும் ஆகும். மாதத்துக்கு என்றால், போகும் தேதியைப் பொறுத்து நான்காவது மாதத்தின் தலைக்குள் ஓரிரு நாள் நுழையலாம். அந்த ஓரிரு நாளுக்கு முழு மாத வாடகை கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 'மிச்ச நாளுக்கு நாள் கணக்கில்' என்ற நான்கு சொற்கள் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே உங்களோடு சற்று முரண்படுகிறேன். நீங்கள் காலையில் போனால் மாலையில்தான் வருவீர்கள். பகல் முழுவதும் அந்த வீட்டில் இருக்கப்போவது அம்மா. தெரியாத ஊர், தெரிந்த முகம் இல்லை, வேகமாக நடக்கவும் முடியாது. அவருக்கு வேண்டியது, வாசலைத் தாண்டினால் சமதளமான நடைபாதை, நூறு இருநூறு அடியில் ஒரு மருந்துக்கடை, உட்கார ஒரு பெஞ்சு. புறநகரில் அலுவலகங்கள் இருக்கும் பகுதி பெரும்பாலும் அகலச் சாலையும் மதில் சுவருமாக இருக்கும். பகலில் மனித நடமாட்டமே இராது. இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளிப் பழைய குடியிருப்புப் பகுதியில் வாடகையும் குறையும், அக்கம்பக்கமும் இருக்கும். உரிமையாளர் ஒரு பகுதியில் குடியிருந்து, தனி வாசல் வைத்துப் பக்கத்துப் பகுதியை விடுகிற வீடு கிடைத்தால் உங்களுக்கு அதுதான் முதல் தேர்வு. இளைஞர்கள் தொந்தரவு என்று ஓடுகிற ஏற்பாடு அது. உங்களுக்கு அதுவே துணை. உங்களுக்கான ஒரே நிபந்தனை, வேலை முடிந்து நீங்கள் திரும்பும் நேரத்துக்குப் பிறகும் பஸ்ஸோ ரயிலோ இருக்க வேண்டும். புறநகரில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் கேட்காமல் வீடு பிடித்தவர்கள், மூன்று மாதமும் டாக்ஸிக்குக் கொட்டிக் கொடுப்பார்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது குளியலறைக்கு முதலில் போங்கள். வாசலில் படிக்கட்டு உண்டா, தரை வழுக்குமா, பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கைப்பிடி பொருத்திக்கொள்ளலாமா என்று கேளுங்கள்; பலரும் சரி என்பார்கள். லிப்ட் இருக்கிறது என்றால், வேலை செய்கிறதா என்று ஏறிப் பாருங்கள். பிறகு அலமாரிகளைத் திறங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தைக் கூட்டிப்போயிருந்தேன். 'எல்லா வசதியும் உண்டு, நான்கு அலமாரி' என்றார் உரிமையாளர். எண்ணிக்கை சரிதான். மூன்றில் அவருடைய கம்பளிகளும் கல்யாண ஆல்பங்களும், நான்காவதற்குப் பூட்டு. மூன்று மாதமும் அந்தக் குடும்பம் பெட்டியிலிருந்துதான் துணி எடுத்து உடுத்தியது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் என் கை தானாக அலமாரிப் பக்கம் போகிறது.

உள்வாடகையில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். குடியிருப்பவரே உங்களுக்கு விடுகிறார் என்றால், அவருடைய மூல ஒப்பந்தத்தில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் இதைப் பார்க்காமல் ஓர் இளைஞரைக் குடிவைத்தேன். விட்டவர் நல்ல மனிதர், பேச்சிலேயே நம்பிவிட்டேன். மூன்றாவது வாரம் உண்மையான உரிமையாளர் தண்ணீர்க் குழாய் பழுது பார்க்க வந்தார். கதவைத் திறந்த இளைஞரைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்டிருக்கிறார். நான்கு நாளில் காலி செய்யும்படி ஆயிற்று. முன்பணத்தில் பாதியை என் கையிலிருந்து கொடுத்தேன், கொடுத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே, உரிமையாளரிடமிருந்து ஒரு வரி எழுத்தில் வராமல் உள்வாடகைக்குப் போகாதீர்கள். 'இன்னார் இந்தத் தேதிவரை தங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை' என்ற செய்தி போதும்.

ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டியதில்லை. தொடங்கும் தேதி, முடியும் தேதி, எது எது வாடகைக்குள் அடக்கம், முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், முன்கூட்டிக் கிளம்பினால் எத்தனை நாள் அறிவிப்பு. உங்கள் பணி நீளக்கூடும் என்றால், இரண்டு வாரம் முன்னால் சொன்னால் அதே வாடகையில் இன்னும் ஒரு மாதம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாவி வாங்கிய அன்று, பெட்டியைப் பிரிக்கும் முன், வீட்டைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். சுவரில் உள்ள ஈரக்கறை, மேசையின் கீறல், மெத்தையின் அடிப்பக்கம், மின்மீட்டரில் ஓடும் எண். அன்றே அதை உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். முன்பணத் தகராறில் முக்கால்வாசி அந்த வீடியோவிலேயே தீர்ந்துவிடும்.

கடைசியாக, மொத்தமாகக் கொடுப்பது. குறைப்பார்கள், சந்தேகமில்லை. ஆனாலும் கொடுக்காதீர்கள். நாலாம் நாள் தண்ணீர் வரவில்லை என்றால், மூன்று மாத வாடகையை வாங்கி வைத்துக்கொண்டவருக்கு என்ன அவசரம்? முதல் மாத வாடகையும் முன்பணமும் வங்கி வழியாகக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், மற்றதை மாதா மாதம் தாருங்கள். வாடகையைக் குறைக்கப் பணத்தைத் தவிர உங்களிடம் வேறு சில இருக்கின்றன. அவர் ஊரில் இல்லாதபோது செடிக்குத் தண்ணீர் விடுவது, தபாலை எடுத்து வைப்பது, அவருக்கு வசதியான தேதியில் ஒரு வாரம் முன்னதாகவே குடிவருவது. இவற்றுக்குப் பத்துச் சதவீதம்வரை இறங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கையில் ஆறு வாரம் இருக்கிறது. இதுபோன்ற வீடுகள் மூன்று நான்கு வாரத்துக்கு முன்புதான் தெரியவரும். ஊருக்குப் போகிறவரே டிக்கெட் போட்ட பிறகுதானே வீட்டைப் பற்றி யோசிப்பார். ஆகவே இந்த வாரம் செய்தியை எல்லா இடத்துக்கும் அனுப்பிவிட்டு, முதல் ஐந்து இரவுக்கு மட்டும் ரத்து செய்யக்கூடிய ஓர் எளிய அறையைப் பதிவு செய்து வையுங்கள். வீடு முன்னதாகவே அமைந்துவிட்டால் அறையை ரத்து செய்துவிடலாம். அமையாவிட்டால் முதலில் நீங்கள் மட்டும் போங்கள். இரண்டு மூன்று வீட்டை நேரில் பார்த்து, குளியலறையில் நின்று, அலமாரியைத் திறந்து, சாவியைக் கையில் வாங்கிய பிறகு அம்மாவை அழைத்துக்கொள்ளுங்கள்.